பாதி முகமும் வெள்ளைத் தலையணை உறையும்

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்று யாராவது என் எதிரில் சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். அப்படியானால் என் அகத்தில் என்ன, சோளமா விளைந்துகொண்டிருக்கிறது? பள்ளிக்கூடத்தில் எனக்குச் சோளக்கதிர் என்றுதான் பெயர். வாத்தியார் என் சொந்தப் பெயரைக் கூப்பிட்டால், அது நான்தான் என்று பக்கத்தில் இருப்பவள் இடித்துச் சொல்ல வேண்டியிருக்கும். பருவ வயதில் வருவது, கல்யாண வயதில் போய்விடும் என்றார்கள். கல்யாண வயது வந்தது, பரு போகவில்லை. முப்பதைத் தாண்டினேன். அதுவும் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே தாண்டியது.

இந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் பார்க்கிற வேலை அழகுசாதனம் விற்பது. வழுக்கைத் தலையன் சீப்பு விற்ற கதைதான். நாலு மாடிக் கடையின் முதல் மாடியில், லிஃப்டுக்கு எதிரே என் கவுண்டர். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்: அந்த மாடியில் என்னைப் போல விற்கிறவள் கிடையாது. உதடு வெடித்தவளுக்கு எது, வெயிலில் அலைந்து கறுத்தவளுக்கு எது என்று ஆளைப் பார்த்ததும் கை தானாக அந்த டப்பாவுக்குப் போகும். வாய் ஓயாது. ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

கடைக்கு ஒரு விதி உண்டு. கவுண்டரில் நிற்கிறவர்கள் கடையின் சொந்தத் தயாரிப்பான ஃபவுண்டேஷனை முகம் முழுக்கப் பூசிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அது நல்ல கெட்டியான சாமான். காலையில் பூசினால் சாயங்காலம் வரை அசையாது. அதன் அடியில் என் பருக்கள் மட்டும் குடும்பம் குடும்பமாகப் பெருகின. மேலே எவ்வளவு பூசினாலும் உள்ளே இருப்பது மேடு தட்டிக் காட்டிக்கொடுத்தது.

எங்கள் மாடியின் பொறுப்பாளரை நாங்கள் மாடி மேடம் என்போம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கண்ணியமாகவே குத்துவார். ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“உன் விற்பனையில குறை சொல்ல முடியாதும்மா. ஆனா முகம்தானே நம்ம விளம்பரப் பலகை. புது ஃபவுண்டேஷனை அறிமுகம் பண்ண தலைமை ஆபீஸ்லேர்ந்து வரப்போறாங்க. அதுக்குள்ள இது அடங்கலைன்னா நீ பின்னாடி பேக்கிங்குக்குப் போயிடு. சம்பளம் குறையாது.”

சம்பளம் குறையாதாம்! பேக்கிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. அட்டைப் பெட்டிகளும் ஒட்டுநாடாவும் காதில் பாட்டு மாட்டிய ஒரு பெரியவரும்தான் அங்கே உண்டு. அங்கே போய் நான் யாரிடம் பேசுவேன்? அட்டைப் பெட்டிக்கா பவுடர் பூசுவேன்? அதைவிட அந்த ‘பின்னாடி’ என்ற வார்த்தைதான் எனக்கு வலித்தது. சின்ன வயதிலிருந்து எந்தக் குடும்பப் படத்திலும் என்னை அம்மா பின்வரிசையில், பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால்தான் நிறுத்தியிருக்கிறாள். இந்தக் கவுண்டரில்தான் முதன்முதலாக நான் முன்னால் நின்றேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் சலவைக்கடையில் வேலை பார்க்கிறவள். சட்டைக் காலரைப் பார்த்தே ஆள் என்ன சாப்பிட்டான், எங்கே சாய்ந்து தூங்கினான் என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு உலகத்தில் எல்லாமே துணிதான். என் முகத்தையும் அப்படித்தான் பார்த்தாள். “கறைன்னா தேய்ச்சாப் போகணும். போகலைன்னா நீ சரியாத் தேய்க்கலைன்னு அர்த்தம்” என்று முரட்டுத் துண்டால் தேய்ப்பாள். எலுமிச்சை, பற்பசை, சோடா உப்பு என்று அவள் பூசாதது பாக்கியில்லை. நான் அழுதால், “அழுக்குதாண்டி அழுவுது, நீ இல்ல” என்பாள்.

அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிக் கேட்டால், மகள் பெரிய கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தாள். மூஞ்சி முழுக்கப் பருவோடு மூஞ்சிக்குப் பூசுகிறதை விற்கிறாள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு அது தெரியும். தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஒரே வீட்டில் இப்படியும் சில சமாசாரங்கள் ஓரமாகக் கிடக்கும்.

மாடி மேடம் சொன்ன அன்றே நான் பைத்தியம் பிடித்தவள் போல வாங்க ஆரம்பித்தேன். ஊழியர்களுக்குத் தள்ளுபடி உண்டே! கண்ணாடிக் குப்பியில் வருகிற துளி மருந்து, பிய்த்து எடுக்கிற கறுப்புப் பசை, மணல் மணலாக உரசுகிற க்ரீம் எல்லாம் வந்தன. திங்கள்கிழமை ஒன்று, அது வேலை செய்யவில்லை என்று புதன்கிழமை இன்னொன்று, வெள்ளிக்கிழமை இரண்டையும் சேர்த்து. அலமாரி நிறைந்தது. முகம் எரிந்தது. தலையணையில் கன்னம் படவே பயமாக இருந்தது. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணிகனுக்குக் கொடு என்பார்கள். நான் எல்லாவற்றையும் வாணிகனுக்கே கொட்டினேன், அந்த வாணிகமும் என் கவுண்டர்தான்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. அதை நடத்துகிறவர் கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு தேடுகிறவர். அதனால் எல்லாருக்கும் அவர் கண்ணாடி அக்கா. தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

“தலைக்கு இது. மூஞ்சிக்கு என்ன போடுறே?”

தொழில்காரி அல்லவா, ஒவ்வொன்றாகப் பெருமையாக ஒப்பித்தேன். முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாத்தையும் நிறுத்து.”

“எதை எதை அக்கா?”

“எல்லாத்தையும்னா எல்லாத்தையும். வாசனையில்லாத சாதா ஃபேஸ்வாஷ் ஒண்ணு. எண்ணெய் இல்லாத க்ரீம் ஒண்ணு. பகல்ல சன்ஸ்கிரீன். ராத்திரி இந்த ஜெல், பட்டாணி அளவு, அதுக்கு மேல வேண்டாம். தேய்க்காதே. கிள்ளாதே. முதல்ல தோல் உரியும், பயப்படாதே. ரெண்டு மூணு மாசம் பாரு. அதுக்கும் அடங்கலைன்னா தோல் டாக்டர்கிட்ட போ, இங்க வராதே.”

எல்லாம் சேர்ந்து என் ஒரு கண்ணாடிக் குப்பியின் விலைகூட ஆகவில்லை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அவர் கன்னத்தில் பழைய பருக்குழிகள் இருந்தன. அனுபவப்பட்ட முகம் பொய் சொல்லாது என்று வாங்கிக்கொண்டேன்.

மாடி மேடத்திடம் கெஞ்சிக் கூத்தாடி, அறிமுக விழா வரைக்கும் அந்தக் கெட்டி ஃபவுண்டேஷனிலிருந்து விடுதலை வாங்கினேன். அதற்குப் பதில் ஏதாவது போட்டு மறைக்க வேண்டுமே! என் கவுண்டரின் அடித்தட்டில் ஒரு சின்னக் கன்சீலர் குச்சி தூசி படிந்து கிடந்தது. எண்ணெய் இல்லாதது, இருப்பதிலேயே மலிவு. மலிவு என்பதால் நானே யாருக்கும் அதை எடுத்துக் காட்டியதில்லை. முகம் முழுக்கப் பூசாமல், தழும்பு இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்து, விரல் நுனியால் ஒத்தி எடுத்தேன். மேடு தெரிந்தது, ஆனால் சிவப்பு அடங்கியது. பூச்சுக்கு அடியில் ஒளிந்திருந்த நான் மெல்ல வெளியே வந்த மாதிரி இருந்தது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி யாருக்கு வேண்டும், ஒரு கன்னம் கைக்கு வந்தால் போதாதா? தோல் உரிந்தது. வறண்டது. கண்ணாடி அக்காவை மனசுக்குள் திட்டினேன். பிறகு ஒரு நாள் காலையில் முகம் கழுவும்போது கையில் முள் குத்தவில்லை. புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை. பழையது மட்டும் மங்கலாக இருந்தது. குளியலறையிலேயே நின்று சிரித்தேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு அம்மா வேட்டு வைத்தாள்.

வேலை முடிந்து வந்தால் கூடத்தில் என் தலையணை உறையைக் கொடியில் விரித்துப் போட்டு, அதன் முன்னால் துப்பறிகிறவள் போல நின்றுகொண்டிருந்தாள். நல்ல கருநீல உறை. அதில் கன்னம் படுகிற இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடந்தது. பக்கத்தில் என் துண்டு, அதிலும் அதே திட்டு.

“எத்தனை வருஷமா துணி வெளுக்கிறேன். இது என்னன்னு எனக்குத் தெரியாதா? சாயத்தைத் தின்னுற மருந்துடி இது. துணியையே இப்படிப் பண்ணுதுன்னா உன் மூஞ்சியை என்ன பண்ணும்? தூக்கிப் போட்டுட்டேன்.”

“எதை?”

“அந்த ஜெல்லை. குப்பை வண்டியும் போயிடுச்சு.”

எனக்கு வந்ததே ஆத்திரம்! “உனக்கு எல்லாமே துணிதானா? நான் என்ன உன் கடைக்கு வந்த அழுக்கு மூட்டையா? இத்தனை வருஷம் தேய்ச்சியே, போச்சா? பின்னாடி நிக்க வெச்சியே, போச்சா? கணக்குப் பிரிவுன்னு புளுகினியே, போச்சா?”

கடைசியாகச் சொன்னது வாயிலிருந்து எப்படி விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. அம்மா உறையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தாள். கந்தலைக்கூட மூலைக்கு மூலை சேர்த்துத்தான் மடிப்பாள். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் அவள் என்ன செய்தாள் என்பதைக் கண்ணாடி அக்கா சொல்லித்தான் பிறகு தெரிந்தது. வெளுத்த உறையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மருந்துக்கடைக்குச் சண்டைக்குப் போயிருக்கிறாள். கவுண்டரில் உறையை விரித்து, “என் பொண்ணு மூஞ்சிக்கு யார் பொறுப்பு?” என்று கேட்டிருக்கிறாள். அக்கா பெட்டிக்குள் இருக்கிற காகிதத்தை எடுத்துப் படித்துக் காட்டியிருக்கிறார். துணியின் சாயம் போகும், வெள்ளைத் துணி பயன்படுத்தவும் என்று பொடி எழுத்தில் அதிலேயே போட்டிருந்தது. அதை நான் படிக்கவே இல்லை. “அம்மா, உங்க பொண்ணு தோல் பட்டு மாதிரி. அடிச்சுத் துவைக்கக் கூடாது” என்றாராம் அக்கா.

“பட்டுன்னு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நான் ஏன் தேய்க்கப் போறேன்?” என்று அங்கேயும் அவரைத்தான் திட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் என் படுக்கையில் இஸ்திரி போட்ட வெள்ளைத் தலையணை உறைகள் அடுக்கியிருந்தன. மேலே புது ஜெல். அம்மா அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. “தினம் ஒண்ணு மாத்து. அழுக்கு உறையில மூஞ்சியை வெக்காதே” என்றாள். நானும் “சரி” என்றேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

விழா நாள் வந்தது. தலைமை ஆபீஸ்காரர்கள் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள் என்றார் மாடி மேடம். காலையில் என் கவுண்டருக்கு ஒரு பெண் வந்தாள். பஸ் ஓட்டுகிறவள், சீருடையோடு வந்திருந்தாள். ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் வெயிலும் புகையும் பட்டுப் பரு பழுத்துப் போயிருந்தது.

“இந்த மூஞ்சிக்கு உங்ககிட்ட எதாவது இருக்கா? இல்லைன்னா நேராச் சொல்லிடுங்க, போயிடறேன்” என்றாள்.

அந்தத் தொனி எனக்குத் தெரியும். பல கடைகளில் ஏறி இறங்கின தொனி.

எங்கள் தொழிலில் பாதி முகம் என்று ஒரு முறை உண்டு. வருகிறவர் முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் பூசிக் காட்டுவோம். வித்தியாசத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பழுத்த பரு மேல் பூசிப் பார்க்க வைத்திருக்கிற, நாலு பேர் தொட்ட டெஸ்டரை வைக்கக் கூடாது. அதில் நான் கறார். அதனால் என் முகத்தையே துடைத்தேன். சன்ஸ்கிரீன், கன்சீலர் எல்லாம் போய் முகம் வெறுமையாக நின்றது. “இது நான். இப்பப் பாருங்க” என்று வலது பக்கத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன் போட்டேன். அடித்தட்டுக் குச்சியால் அங்கங்கே பொட்டு வைத்தேன், ஒத்தினேன், கொஞ்சம் பவுடர் தட்டினேன். பேசிக்கொண்டே செய்தேன். எதை நிறுத்துவது, எதை மருந்துக்கடையில் வாங்குவது, எதை என்னிடமே வாங்கக் கூடாது என்று எல்லாம் சொன்னேன். அவள் இமைக்காமல் பார்த்தாள்.

அப்போது கவுண்டர் போன் அடித்தது. மாடி மேடம்தான். “சீக்கிரமே வந்துட்டாங்க! உடனே நடு ஹாலுக்கு வா, ஓடி வா!”

“ஒரு நிமிஷம் இருங்க” என்று பஸ்காரியிடம் சொல்லிவிட்டு ஓடினேன். என் கவுண்டர்க் கண்ணாடி கையகலம். அது வலது பக்கமாகத் திரும்பியிருந்தது. கிளம்பும் அவசரத்தில் பார்த்தபோது அதில் நான் நன்றாகத்தான் இருந்தேன்.

செருப்புப் பிரிவைக் கடந்தேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கைப்பைப் பிரிவில் ஒரு அப்பாவும் மகளும் நின்றுவிட்டார்கள். காவலாளி வாயைத் திறந்தபடி கதவைப் பிடித்தார். பரவாயில்லையே, இன்றைக்கு நம்ம முகத்துக்கு இத்தனை மவுசா என்று நினைத்துக்கொண்டு தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி நடந்தேன். ஹாலுக்கு முன்னால் ஒரு தூண் முழுக்கக் கண்ணாடி. அதில் பார்த்ததும் கால் அப்படியே நின்றது. ஒரு பக்கம் சீராக, மறுபக்கம் தழும்பும் சிவப்புமாகப் பிறந்தமேனிக்கு இருந்தது!

ஓய்வறை இடது கைப் பக்கம்தான். ஓடிப் போய்ச் சரி செய்திருக்கலாம். ஆனால் மாடி மேடம் பார்த்துவிட்டார், அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நானும் தூணில் இன்னொரு தடவை பார்த்தேன். வெறும் பாதி முன்பு போல இல்லை. பழுத்தது ஒன்றுகூட இல்லை. அந்தப் பாதியை அந்த நிலைக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். இதற்கு எதற்கு ஒளிய வேண்டும்? ஆனது ஆகட்டும் என்று நடந்துபோய் முன்வரிசையில் நின்றேன்.

தலைமை ஆபீஸ் அம்மா நரைத்த தலைமுடியோடு அமைதியாக இருந்தார். என் அருகே வந்து ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார்.

“நம்ம புது ஃபவுண்டேஷன் எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கமும் இல்லைங்க.”

மாடி மேடம் இருமினார். நான் நிறுத்தவில்லை.

“அது நல்ல சாமான்தாங்க. வறண்ட தோலுக்கு அருமையா உக்காரும், அவங்களுக்கு நானே அடிச்சுச் சொல்லி விப்பேன். என்னை மாதிரி முகத்துக்கு ஆகாது. ஆகாதவங்க தலையில கட்டினா ஒரு தடவை வாங்குவாங்க, அப்புறம் நம்ம வாசலை மிதிக்க மாட்டாங்க. இது நம்ம கடை அடித்தட்டுல கிடக்கிற குச்சிதான். இந்தப் பக்கம் என் சொந்த மூஞ்சி.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“இங்கயா இருக்கீங்க? பாதியில விட்டுட்டு ஓடி வந்துட்டீங்களே! எனக்கு வண்டி எடுக்க நேரமாச்சு.”

பஸ்காரி! கையில் அந்தக் குச்சி. அவளுக்குப் பின்னால் கைப்பைப் பிரிவில் நின்ற அப்பாவும், துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்த அவர் மகளும். “அந்த அக்கா போட்டிருக்கிறது எங்க கிடைக்கும்?” என்று அந்தப் பெண் மெல்லக் கேட்டாள். கேட்கும்போது துப்பட்டா கொஞ்சம் இறங்கியது. சோளக்கதிரைப் பார்த்து யாரோ தைரியம் கொள்கிறார்கள் என்றால் சும்மாவா?

தலைமை ஆபீஸ் அம்மா சிரித்தார். “முதல்ல இவங்களைக் கவனிங்க. நாங்க காத்திருக்கோம்” என்றார். போகும்போது மாடி மேடத்திடம், “இவங்க கவுண்டர்லயே இருக்கட்டும். முன்னாடியே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து அடித்தட்டுக் குச்சி மேல்தட்டுக்கு ஏறிவிட்டது. நானும் விற்பனை நேரம் முழுக்கப் பாதி முகத்தோடுதான் நிற்கிறேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். ஒரு நாள் கடை மூடுகிற நேரத்தில் மாடி மேடம் வந்து, தாடையைக் கையால் மறைத்துக்கொண்டு, “எனக்கும் இங்க ஒண்ணு...” என்றார். எடுத்துக் கொடுத்தேன். கிண்டல் செய்யவில்லை. கொஞ்சம்தான் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை கூட்டத்துக்கு நடுவில் பழக்கமான குரல் கேட்டது. அம்மா! வேலைச் சீருடையோடு, எதிர்வீட்டு அம்மாவையும் அவர் பெண்ணையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பெண் கன்னம் என் பழைய கன்னம் மாதிரியே இருந்தது. அம்மா ஒரு நாள்கூட இந்த மாடியில் கால் வைத்ததில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எதிர்வீட்டு அம்மா என்னையும் கவுண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்க பொண்ணு கணக்குப் பிரிவுன்னுதானே சொன்னீங்க?”

“புளுகினேன்” என்றாள் அம்மா, சட்டைக்குப் பொத்தான் இல்லை என்று சொல்கிற குரலில். பிறகு கவுண்டருக்குக் குறுக்கே கையை நீட்டி என் தாடையைப் பிடித்தாள். சின்ன வயதில் தேய்ப்பதற்குப் பிடிப்பாளே, அதே பிடி. ஆனால் இப்போது விரல் அழுந்தவில்லை. என் முகத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“நல்லாப் பாருங்க. இந்தப் பக்கம் நான் பெத்தது. அந்தப் பக்கம் அவ கைவேலை. ரெண்டும் என் பொண்ணுதான்.”

கடை முழுக்கக் கேட்கிற குரல் அவளுக்கு. செருப்புப் பிரிவுவரை போயிருக்கும். எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்து, “முதல்ல வெள்ளைத் தலையணை உறை வாங்கு. மத்ததெல்லாம் இவ சொல்லுவா” என்றாள்.

எனக்கு இரண்டு கண்ணும் நிறைந்துவிட்டது. வலது பக்கம் துடைத்தால் மேக்கப் கலையும். இடது கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டேன், மற்றது அதுபாட்டுக்கு வழிந்தது.

“ஏண்டி நின்னுக்கிட்டிருக்கே?” என்றாள் அம்மா. “ஆளு காத்திருக்கு பாரு. காட்டு.”